மடிப்பாக்கத்தில் மூழ்கிய கார்: ஒரு வெள்ளக் கிளைமின் முழுக் கோப்பு

2023 டிசம்பர் 3-ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் முழுவதும், மிக்ஜாம் புயல் சென்னையை ஒட்டிய கடலில் மெதுவாக நகர்ந்துகொண்டே மழையைக் கொட்டியது. 5-ஆம் தேதி அது ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்த பிறகும் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, முடிச்சூர் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் வடியவில்லை. தரைத்தளத்திலும் தெருவோரத்திலும் நிறுத்தியிருந்த கார்கள் நாட்கணக்கில் நீரில் நின்றன. அவற்றில் ஒரு காருக்கான காப்பீட்டுக் கோரிக்கையைத் தொடக்கம் முதல் தீர்வு வரை அதன் உரிமையாளருடன் சேர்ந்து கவனித்தவன் என்ற முறையில், அந்தக் கோப்பில் இருந்ததை அவருடைய ஒப்புதலோடு இங்கே பதிவு செய்கிறேன். அவருடைய பெயரும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் இதற்குத் தேவையில்லை. நிறுவனம் முதலில் அனுப்பிய மறுப்புக் கடிதம், பாலிசியில் எழுதியிருந்ததைவிட அதிகமாக மறுத்தது. அது எப்படி வெளிப்பட்டது என்பதே இந்த ஆய்வின் மையம்.

வண்டியும் பாலிசியும்

உரிமையாளர் மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வண்டி 1,197 சிசி பெட்ரோல் ஹேட்ச்பேக். 2020 ஜனவரியில் பதிவானது. புது வண்டிக்கு, பிறருக்கு ஏற்படும் இழப்பை ஈடு செய்யும் மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்து எடுக்க வேண்டும் என்ற விதி 2018 செப்டம்பர் முதல் இருப்பதால், அந்தப் பகுதி 2023 ஜனவரியில்தான் முடிந்தது. அப்போது அவர் முழுப் பாலிசியாகப் புதுப்பித்தார். மூன்று ஆண்டுகள் கிளைம் எதுவும் இல்லாததால் பிரீமியத்தில் 35 சதவீதத் தள்ளுபடியாக நோ கிளைம் போனஸ் கிடைத்தது. ஐடிவி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் காப்பீட்டு மதிப்பு 4,20,000 ரூபாய்.

பிரீமியம் கணக்கை அப்படியே தருகிறேன், ஏனென்றால் இதை ஒருமுறையாவது வரிவரியாகப் பார்த்தவர்கள் குறைவு. நிறுவனத்தின் தள்ளுபடிக்குப் பிறகு சொந்தச் சேதத்துக்கான, அதாவது தன் வண்டிக்கே ஏற்படும் சேதத்துக்கான பிரீமியம் 5,400 ரூபாய்; போனஸைக் கழித்தால் 3,510. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 3,416. இது 1,000 சிசிக்கு மேல் 1,500 சிசி வரையுள்ள தனியார் கார்களுக்கு 2022 ஜூன் 1 முதல் அரசு நிர்ணயித்த கட்டணம். எந்த நிறுவனத்தில் எடுத்தாலும் இதில் மாற்றம் இருக்காது. ஜீரோ டெப்ரிசியேஷன் என்ற ஆட்-ஆனுக்கு, அதாவது தனிக் கட்டணத்தில் சேர்க்கும் கூடுதல் பாதுகாப்புக்கு, 1,700. உரிமையாளருக்கான 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டுக்கு 325. மொத்தம் 8,951, அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 10,562 ரூபாய் கட்டினார்.

புதுப்பித்தலுக்கு முன் வந்த கொட்டேஷனில் இன்ஜின் ப்ரொடெக்ட் என்ற ஆட்-ஆன் 840 ரூபாய்க்கு இருந்தது; ஜிஎஸ்டியோடு சேர்த்தாலும் ஆயிரத்தைத் தொடாது. "சார், பம்பர் டு பம்பர் போட்டிருக்கு, எல்லாமே கவராயிடும்" என்று ஏஜென்ட் சொன்னதால் அவர் அதை எடுக்கவில்லை. ஏஜென்ட் பொய் சொல்லும் நோக்கத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஊரில் பெரும்பாலானோர் அந்தச் சொல்லை அப்படித்தான் புரிந்து வைத்திருக்கிறார்கள். பம்பர் டு பம்பர் என்பது ஜீரோ டெப்ரிசியேஷனுக்கு வழங்கும் பெயர் மட்டுமே. மாற்றப்படும் பாகங்களில் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தருவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரி போன்றவற்றில் பாதி விலை கழியும். மூன்று முதல் நான்கு ஆண்டு வயதான வண்டியில் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதம் கழியும். எந்தச் சேதம் பாலிசிக்குள் வரும், எது வராது என்ற எல்லையை அந்த ஆட்-ஆன் ஒரு அங்குலம்கூட நகர்த்துவதில்லை.

டிசம்பர் 4, விடியற்காலை

விடியற்காலையில் தண்ணீர் டயரின் பாதியைத் தொட்டபோது அவர் செய்தவை இரண்டே காரியங்கள். பானெட்டைத் திறந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கம்பியின் நுனியில் துணியைச் சுற்றி ஓரமாக ஒதுக்கினார். மின்வாரியத்தில் வேலை பார்த்த கை அது. பிறகு போன் வெளிச்சத்தில் சில படங்கள் எடுத்தார்: துணி சுற்றிய கம்பி, நம்பர் பிளேட்டுக்குக் கீழே நிற்கும் தண்ணீர், சில மணி நேரம் கழித்து இருக்கை மட்டத்தைத் தாண்டிய தண்ணீர். வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிடலாம் என்று பக்கத்து வீட்டார் சொன்னபோதும், தெருவில் ஏற்கெனவே முழங்கால் அளவு தண்ணீர் இருந்ததால் அவர் சாவியைத் தொடவில்லை.

சாவியைத் தொடாததன் மதிப்பைச் சொல்லியாக வேண்டும். இன்ஜின் உள்ளிழுக்க வேண்டியது காற்றும் பெட்ரோலும். காற்றை அழுத்தினால் சுருங்கும். சைக்கிள் பம்பில் தண்ணீரை நிரப்பி, வாயை அடைத்துவிட்டுக் கைப்பிடியை அழுத்திப் பார்த்தால் என்ன ஆகுமோ அதுதான், தண்ணீர் புகுந்த சிலிண்டரில் பிஸ்டன் மேலே வரும்போதும் ஆகிறது. தண்ணீர் சுருங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், சில நேரங்களில் முறிந்து இன்ஜின் பிளாக்கையே உடைக்கும். மூழ்கி நிற்கும் வண்டியின் இன்ஜின் தானாக இந்தக் கதிக்கு ஆளாவதில்லை. யாராவது ஸ்டார்ட் செய்தால், அல்லது ஓடும் வண்டியைத் தண்ணீருக்குள் விட்டால்தான் ஆகும்.

பாலிசியின் நிபந்தனைப் பகுதியில் இதற்கு நேரான வாசகம் உண்டு. வண்டியைப் பாதுகாக்க நியாயமான எல்லா நடவடிக்கைகளையும் உரிமையாளர் எடுக்க வேண்டும். சேதத்துக்குப் பிறகு, பழுது நீக்காமல் வண்டியை இயக்கினால் அதனால் கூடும் சேதம் முழுவதும் உரிமையாளரின் பொறுப்பு. இந்தியாவில் எல்லா நிறுவனங்களின் கார் பாலிசியிலும் ஏறக்குறைய ஒரே சொற்களில் இது இருக்கிறது. வெள்ள கிளைம்களில் இன்ஜின் பற்றிய தகராறு பெரும்பாலும் இந்த ஒரு வரியைச் சுற்றியே நடக்கிறது.

மின்சாரம் போனது, செல்போன் சிக்னலும் போனது. 8-ஆம் தேதி சிக்னல் திரும்பியதும் அவர் நிறுவனத்தின் கட்டணமில்லா எண்ணை அழைத்து கிளைம் எண் பெற்றார். ரெக்கவரி வண்டிகளுக்குக் கடும் தட்டுப்பாடு. பணிமனைக்கு இழுத்துச் செல்ல 4,500 ரூபாய் ஆனது. பணிமனை வளாகத்தில் சேற்றோடு வரிசையாக நின்ற கார்களுக்கு நடுவே இந்தக் காரும் தன் முறைக்காகக் காத்திருந்தது.

மறுப்புக் கடிதம்

வேலை முடிந்தபோது பணிமனையின் பில்லும் இழுவைச் செலவும் சேர்ந்து 2,48,600 ரூபாய். இதில் வயரிங், கட்டுப்பாட்டுக் கணினி, ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர் ஆகிய மின்பாகங்களுக்கு 96,400. இருக்கை, தரைவிரிப்பு, உள்பகுதிச் சுத்தம் ஆகியவற்றுக்கு 38,700. கியர்பாக்ஸ், பிரேக் வேலைக்கு 14,200. இன்ஜினைப் பிரித்துச் சுத்தம் செய்து ரிங்குகளும் பேரிங்குகளும் மாற்றியதற்கு 84,900. ஆயில், கூலன்ட் முதலியவற்றுக்கு 9,900. மீதி இழுவைச் செலவு. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பாகக் கருதுவார்கள். இங்கே அந்தக் கோடு 3,15,000 என்பதால் அந்தப் பேச்சு எழவில்லை.

நிறுவனத்தின் கடிதம் 1,49,800 ரூபாய் தருவதாகச் சொன்னது. இன்ஜின் செலவு முழுவதும் நிராகரிக்கப்பட்டிருந்தது. காரணமாக இரண்டு வரிகள் இருந்தன: இன்ஜினில் தண்ணீர் புகுந்ததால் ஏற்பட்டது தொடர்விளைவு இழப்பு, இன்ஜின் ப்ரொடெக்ட் எடுக்கப்படவில்லை, மேலும் சேதம் குறித்துத் தாமதமாகத் தெரிவிக்கப்பட்டது.

முதல் பார்வைக்கு இது முடிந்துபோன விஷயமாகவே தெரியும். ஆட்-ஆன் இல்லை, ஆகவே இன்ஜினுக்குப் பணமில்லை என்று பணிமனையின் கிளைம் மேசையில் இருந்தவரும் சொன்னார், உறவினர்களும் சொன்னார்கள். பலர் இந்த இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

பாலிசியை எடுத்துப் படித்தால் வரிசை வேறு விதமாக இருக்கிறது. சொந்தச் சேதப் பகுதி, தான் ஈடு செய்யும் ஆபத்துகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிடுகிறது. வெள்ளம், புயல், நீர் சூழ்தல் ஆகியவை அதில் வெளிப்படையாக உள்ளன. காப்பீடு செய்யப்பட்டது வண்டி. இன்ஜின் வண்டியின் பாகம். வெள்ள நீர் நேரடியாக நுழைந்து சிலிண்டர் சுவரில் துருவை ஏற்படுத்தினால், அது இருக்கையையும் வயரிங்கையும் கெடுத்த அதே ஆபத்தின் நேரடி விளைவு. அதன் பிறகு யாரோ ஸ்டார்ட் செய்து ராடு வளைந்தால் அதுவே தொடர்விளைவு. இன்ஜின் ப்ரொடெக்ட் காசு வாங்குவது அந்த இடத்துக்காக. நிறுவனங்கள் எல்லாம் இந்த வேறுபாட்டை ஒரே மாதிரி ஏற்பதில்லை, ஆட்-ஆன் இல்லை என்றால் இன்ஜின் என்ற சொல் வரும் எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக வெட்டிவிடும் பழக்கம் உண்டு. ஆகவே இந்த வண்டியில் எது நடந்தது என்பதற்கான சான்று தேவைப்பட்டது.

சர்வேயர் அறிக்கை

சான்று நிறுவனத்திடமே இருந்தது. சேதத்தை மதிப்பிட உரிமம் பெற்ற சர்வேயரை நியமிப்பது 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் 64-யூஎம் பிரிவின் கீழ் வருவது. அவருடைய அறிக்கையின் நகலைப் பாலிசிதாரர் கேட்டால் நிறுவனம் தர வேண்டும். கேட்காதவர்களுக்கு யாரும் தானாகக் கொடுப்பதில்லை. நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு மின்னஞ்சலில் ஒரு வரியாக இதைக் கேட்டோம். நினைவூட்டல்களுக்குப் பிறகு நகல் வந்தது.

அந்த அறிக்கையில், இன்ஜின் பிரிக்கப்பட்டபோது சர்வேயர் தன் கண்ணால் பார்த்து எழுதியவை இருந்தன. ஏர் ஃபில்டர் நனைந்திருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. இரண்டு சிலிண்டர்களின் சுவரில் நீர்மட்டக் கோட்டோடு துரு படிந்திருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வடித்த பிறகு கிராங்க் ஷாஃப்ட் கையால் சுழன்றது. கனெக்டிங் ராடுகளில் வளைவு இல்லை. ஸ்டார்ட் செய்ய முயன்ற அடையாளம் எதுவும் குறிக்கப்படவில்லை. இவ்வளவையும் எழுதிய அதே அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மதிப்பீட்டு அட்டவணையில் இன்ஜின் பாகங்களுக்கு எதிரே பூஜ்ஜியம் இடப்பட்டு "ஆட்-ஆன் இல்லை" என்று ஒரு குறிப்பு. பார்த்து எழுதிய பக்கமும் பணம் போட்ட பக்கமும் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவே இல்லை.

பேட்டரிக் கம்பியில் துணி சுற்றிய படத்தை இந்த இடத்தில் இணைத்தோம். நேரம் பதிவான அந்தப் படம், தண்ணீர் டயர் மட்டத்தில் இருந்தபோதே மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டதைக் காட்டியது. மின்சாரம் இல்லாத வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்திருக்க முடியாது.

தாமதம் பற்றிய இரண்டாவது காரணத்துக்கு நீண்ட பதில் தேவைப்படவில்லை. தவிர்க்க முடியாத காரணத்தால் தாமதமாகத் தெரிவிக்கப்பட்ட உண்மையான கோரிக்கைகளைத் தாமதத்தை மட்டும் காட்டி இயந்திரத்தனமாக நிராகரிக்கக் கூடாது என்று ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2011 செப்டம்பர் 20 அன்றே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2017-ல் ஒரு லாரித் திருட்டு வழக்கில் இதே கருத்தை உறுதிப்படுத்தியது. ஊரே சிக்னல் இல்லாமல் கிடந்த நான்கு நாட்களைத் தாமதம் என்று ஒரு கடிதத்தில் எழுதத் துணிவது சரியல்ல. அதை நேராகவே எழுதினோம்.

ஓம்புட்ஸ்மன் முன்

குறைதீர்ப்புப் பிரிவு முந்தைய முடிவையே திரும்பச் சொன்னது. அடுத்த வழி இரண்டு. ஒன்று, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மாவட்ட ஆணையம். மற்றது, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மன். தமிழ்நாட்டுக்கான ஓம்புட்ஸ்மன் அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்து வாதாட முடியாது என்பதால் நிறுவனத்தின் தரப்பிலும் அலுவலர்தான் வந்து பேச வேண்டும். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் புகார் தர வேண்டும். 50 லட்ச ரூபாய் வரையிலான இழப்பீட்டை அங்கே தீர்க்கலாம். தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். புகார்தாரருக்குப் பிடிக்காவிட்டால் அவர் வேறு மன்றத்தை நாடலாம். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்று நினைத்து அதையே தேர்ந்தெடுத்தோம்.

விசாரணையில் நிறுவனத்தின் அலுவலர் புதிதாக ஒரு காரணத்தை எடுத்தார்: மழை எச்சரிக்கை இருந்தும் தாழ்வான இடத்தில் வண்டியை நிறுத்தியது கவனக்குறைவு. மறுப்புக் கடிதத்தில் சொல்லாத காரணத்தை நிறுவனம் பின்னர் கிளப்ப முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அந்த வாதம் அத்தோடு நின்றது. பிறகு பேச்சு முழுவதும் சர்வேயர் அறிக்கையின் இரண்டு பக்கங்களின் மேல் நடந்தது. ராடு வளையவில்லை என்றால் தொடர்விளைவு எது என்ற கேள்விக்கு அலுவலரிடம் பதில் இல்லை.

இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பரிந்துரையாக விஷயம் முடிந்தது. இன்ஜின் செலவில் 78,600 ரூபாயை நிறுவனம் ஏற்றது. டைமிங் செயின் முதலிய 6,300 ரூபாய் பாகங்கள் ஓட்டத்தால் தேய்ந்தவை, வெள்ளத்தால் கெட்டவை அல்ல என்ற அவர்களுடைய வாதம் நியாயமாகவே இருந்ததால் அதை விட்டுக்கொடுத்தோம். மொத்தம் கிடைத்தது 2,28,400 ரூபாய். அவர் கையிலிருந்து போனது 20,200: ஆயில் வகைக்கு 9,900, ஏனென்றால் கன்ஸ்யூமபிள்ஸ் ஆட்-ஆன் இல்லாத பாலிசி இவற்றைத் தராது, இழுவைக்கு 3,000, ஏனென்றால் பாலிசி காருக்கு 1,500 ரூபாய்க்கு மேல் தராது, 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு ஒவ்வொரு கிளைமிலும் உரிமையாளர் ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000, மீதி அந்த 6,300.

அவர் ஸ்டார்ட் செய்து பார்த்திருந்தால் கணக்கு தலைகீழாகியிருக்கும். ராடு வளைந்து பிளாக் உடைந்திருந்தால் இன்ஜின் செலவு பல மடங்காகியிருக்கும், அதில் ஒரு ரூபாயைக்கூட நாங்கள் நேர்மையாகக் கேட்டிருக்க முடியாது. எனவே 840 ரூபாய் ஆட்-ஆன் தேவையில்லை என்று இந்தக் கோப்பைக் காட்டி யாரும் முடிவு செய்துவிடக் கூடாது.

போனஸ் இழப்பும் காலக்கெடுவும்

கிளைம் எடுத்ததால் 2024 ஜனவரிப் புதுப்பித்தலில் அவருடைய போனஸ் பூஜ்ஜியமானது. கிளைம் இல்லாமல் இருந்திருந்தால் 45 சதவீதமாகியிருக்கும். ஏணி மறுபடி 20, 25, 35, 45, 50 என்று ஏற வேண்டும். ஆண்டுதோறும் இழக்கும் சதவீதங்களை, அதாவது 45, 30, 25, 15, 5 ஆகியவற்றைக் கூட்டினால் 120 வருகிறது. சொந்தச் சேதப் பிரீமியம் 5,400 ரூபாயாகவே இருக்கும் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிளைமின் மறைமுக விலை 6,480 ரூபாய். வரியோடு சுமார் 7,650. இரண்டு லட்சத்துக்கு மேல் கிடைத்த இந்தக் கோரிக்கையில் அது பொருட்டல்ல. பார்க்கிங்கில் உரசிய பம்பருக்கு ஐந்தாயிரம் ரூபாய் கிளைம் போடுகிறவர் மட்டும், தன் பாலிசியில் உள்ள சொந்தச் சேதப் பிரீமியத்தை எடுத்து இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

காலக்கெடுவில் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இந்தக் கோரிக்கையின்போது நடப்பில் இருந்த 2017 விதிகளின்படி சர்வேயரை 72 மணி நேரத்துக்குள் நியமித்து, அறிக்கை வந்த 30 நாட்களுக்குள் முடிவு சொன்னால் போதும். 2024 ஜூனில் ஐஆர்டிஏஐ வெளியிட்ட முதன்மைச் சுற்றறிக்கை, சர்வேயர் நியமனத்தை 24 மணி நேரமாகவும், அறிக்கையை 15 நாட்களாகவும், அதன்பின் நிறுவனத்தின் முடிவை 7 நாட்களாகவும் குறைத்தது. ஒரு வட்டாரமே மூழ்கும் நாட்களில் பணிமனையில் லிஃப்ட் கிடைக்கவே அதைவிட அதிக நாள் ஆகும் என்பதால், வண்டி பிரிக்கப்படும் அன்று சர்வேயர் அங்கே இருப்பதை உரிமையாளர்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். இந்தக் கோப்பில் எங்களுக்குக் கைகொடுத்ததும் அன்று எழுதப்பட்ட பக்கமே.

2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசையாக நின்ற படங்களை எல்லோரும் பார்த்தோம். வண்டியைப் பாதுகாக்க நியாயமான நடவடிக்கை எடுக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு அதைவிடத் தெளிவான நிறைவேற்றம் இருக்க முடியாது. எங்கள் உரிமையாளரும் அந்த முறை தன் காரை மேட்டுப்பாங்கான தெருவில் இருக்கும் தங்கை வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டிருந்தார். பாலிசியில் இன்ஜின் ப்ரொடெக்ட், கன்ஸ்யூமபிள்ஸ் இரண்டும் சேர்ந்திருந்தன. வண்டிக்கு ஐந்து வயது ஆகும்போது ஜீரோ டெப்ரிசியேஷனைத் தொடர்ந்து தருவார்களா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, பதிலைக் கோப்பில் சேர்த்து வைத்திருக்கிறார்.